நாய் என்று எழுதவேண்டிய இடத்தில் குதிரை

1

இன்று திங்கட்கிழமை, சந்தையில் எனக்கு லீவு. மத்தியானம் ஒரு மணிபோல மகள் தாரணி ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தாள். பனிச்சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இதைத் தொடக்கூடாது. அம்மா வாற வரைக்கும். தாக்கோர்? சரியே?"

"தொடமாட்டன் பிள்ளை. என்ன இது?"

"சுர்ப்ரீஸ். உங்களுக்குச் சீனி வருத்தம். திறந்தும் பாக்கக்கூடாது."

அவ்வளவுதான், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். பெட்டியின் மூடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. திறந்து பார்க்கக்கூடாது என்றுதானே சொன்னாள், குனிந்து பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே. குனிந்தேன். கேக். அதன்மேல் சொக்கிளேற்றில் ஒரு குதிரைத் தலை, பிடரிமயிரெல்லாம் வைத்து. கீழே ஏதோ எழுத்துகள் இருந்தன. ஆனால் மூடி மறைத்ததால் வாசிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் குதிரை ஓட்டுபவர் யாருமில்லை. ஆனாலும் அந்தக் குதிரை யாருக்கு வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மனைவி லோஜினி தன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஐந்து வருடம். அவள் வீடு வந்துசேர நாலரை ஆகும். அதுவரை கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது, என்னை எனக்குத் தெரியும். அதனால் பேனாவை எடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்தும் நண்பன் ஒருவன் நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கிறான். "மொன்றியல் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதடாப்பா. ஆனா குளிரைப் பற்றி எழுதிப்போடாதை, எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்கள்" என்றான். சரி, குளிரை விடுகிறேன். நான் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்குகிறேன், அதிலும் எழுத ஒன்றுமில்லை. என் மனைவி துவக்குத் திருத்துகிறாள். அதை எழுதுகிறேன்.

2

பதறவேண்டாம். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

பிஸ்டல், ரிவோல்வர் என்கிற கைத்துவக்கெல்லாம் தொழிற்சாலையிலிருந்து புத்தம்புதிதாக, எண்ணெய்த் தாளில் சுற்றி, அழகான பெட்டியில்தான் வரும். வந்தாலும் அதற்குள் சில்லறைக் குறைகள் இருக்கும். உள்ளே ஒரு மூலையில் தலைமயிர் அளவுக்கு இரும்புப் பிசிறு சீவப்படாமல் நிற்கும். ஸ்பிரிங் ஒன்று அரைச் சுற்றுக் குறைவாக இருக்கும். குறிபார்க்கிற முனை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இருபது தரம் ஒழுங்காக வேலைசெய்துவிட்டு இருபத்தோராவது தரம் சிக்கும். லோஜினியின் வேலை அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, திருத்தக்கூடியதைத் திருத்துவது, திருத்தக்கூடாததைத் திருப்பி அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் ஓர் அறிக்கை எழுதி, அடியில் கையெழுத்து வைக்கவேண்டும். அவள் கையெழுத்தைத் தமிழில்தான் வைப்பாள். "லோஜினி" என்று, கொம்பெல்லாம் போட்டு.

இங்கே சாதாரண ஆட்கள் கைத்துவக்கு புதிதாக வாங்கவோ விற்கவோ இப்போது சட்டம் விடாது. அவளிடம் வருபவை எல்லாம் வங்கிகளுக்குக் காசு ஏற்றும் வண்டிக் காவலர்களுடையவை. இடைக்கிடை, எப்போதோ வாங்கி வைத்திருக்கும் சுடும் விளையாட்டுக் கழகத்துக் கிழவர்களுடையவையும் வரும்.

இந்த வேலைக்கு அவள் எப்படி வந்தாள் என்றால், தையல் மெஷினால் வந்தாள். கொக்குவிலில் இருந்த காலத்திலேயே தையல் வகுப்பில் எந்த மெஷின் நின்றாலும் ரீச்சர் "லோஜியைக் கூப்பிடு" என்றுதான் சொல்வாவாம். இங்கே வந்து பதினொரு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தாள். முப்பது மெஷின் ஒரேயடியாக ஓடும் இரைச்சலுக்குள், "அங்காலை ஏழாவது மெஷினிலை ஊசி வளைஞ்சிட்டுது" என்று தலை நிமிராமல் சொல்வாளாம். தொழிற்சாலை மூடியபோது மற்றப் பெண்கள் அழுதார்கள். இவள் நேரே போய், இரும்பு கடைகிற தொழில் படிக்க ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்பில் பதினாறு ஆம்பிளைப் பிள்ளைகள், நடுவில் நாற்பத்திரண்டு வயதில் பொட்டு வைத்துக்கொண்டு இவள். முதலாவதாக வந்தாள். எனக்குப் பெருமை தாங்கமுடியவில்லை, சந்தையில் தக்காளி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

பிறகுதான் துவக்குப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னாள்.

"லோஜி, நாங்கள் என்னத்துக்குப் பயந்து இஞ்சை ஓடிவந்தனாங்கள்? நீர் அதையே போய்த் தூக்கப்போறீரே?"

"நான் தூக்கப் போகேல்லையப்பா. கழட்டப் போறன்" என்றாள்.

3

அந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பத்தில் புருஷன் பெண்சாதிக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் யாரும் துவக்கு லைசென்ஸ் எடுக்கக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. நானும் கையெழுத்து வைத்தேன்.

சில நாள் கழித்து லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், மரியாதையான பிரெஞ்சு, ஆனால் வேகமோ வேகம். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். நான் சொன்னதை நானே எழுதிக்கொண்டும் இருந்தேன், பிறகு லோஜினி கேட்டால் சொல்லவேண்டுமே. அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: உங்களிடம் "க்ரேயோன்" இருக்கிறதா? க்ரேயோன் என்றால் பென்சில். ஏதோ இலக்கம் தரப்போகிறாள், எழுதிக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"உய், உய்! போக்கூ!" என்றேன். இருக்கு, இருக்கு, நிறைய இருக்கு.

உடனே அவள் மிகவும் தணிந்த குரலில், எவ்வளவு காலமாக என்று கேட்டாள். பென்சிலுக்கு என்ன காலம் என்று எனக்கு விளங்கவில்லை. என்றாலும் மரியாதைக்கு, "கலியாணம் கட்டின நாளிலிருந்து" என்றேன்.

அவள் கேட்டது க்ரேயோன் இல்லை, "க்ரான்த்". அச்சம். மனைவி துவக்கு லைசென்ஸ் எடுப்பதில் உங்களுக்கு ஏதும் அச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். நிறைய இருக்கிறது, கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்று நான் சொல்லியிருக்கிறேன்.

லைசென்ஸ் இரண்டு மாதம் பிந்தியது. இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, லோஜினியை வெளியே அனுப்பிவிட்டு என்னை இருத்தி விசாரித்தார்கள். தாரணிதான் மொழிபெயர்த்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் இடையில் குளியலறைக்குப் போய்வந்தாள். போகும்போது அவர்களில் ஒருவர் எனக்கு ஒரு பென்சில் தந்துவிட்டுப் போனார். இன்றுவரை லோஜினி கோபம் வந்தால், "நீங்கள் பென்சிலுக்கு உய் சொன்ன ஆள், பேசாமல் இருங்கோ" என்பாள்.

4

பட்டறை நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உரிமையாளர் ஜினெத். அறுபது வயதுப் பெண்மணி, குரல் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும். லோஜினியை முதல்நாள் ஒரு மேசையில் இருத்தி, சிக்குகிற பிஸ்டல் ஒன்றைக் கொடுத்து, "இதில் என்ன குறை?" என்று கேட்டாவாம். இவள் அதைக் கழற்றாமல், வெறுமையாக இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு, காதருகே வைத்து மெதுவாக இழுத்து விட்டிருக்கிறாள். பிறகு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில்தான் பிசிறு. ஜினெத் அன்றே சாவி கொடுத்துவிட்டா.

கையில் வந்த வேலை நாக்கில் வரவில்லை, அதுதான் சிக்கல். முதல் வாரம் லோஜினி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இண்டைக்கு ஒராள் எழுதியிருக்கிறார், 'நாய் தானா விழுகுது' எண்டு."

"ஐயோ பாவம், என்ன வருத்தமாம்?"

"துவக்கின்ரை நாயப்பா."

துவக்கின் பின்பக்கத்தில் மேலே நீட்டிக்கொண்டு ஒரு துண்டு இருக்கும். அதைப் பின்னால் இழுத்து ஏற்றுவார்கள், விசையை அமத்தினால் அது டக்கென்று முன்னால் விழுந்து அடிக்கும். அதற்குப் பிரெஞ்சில் "ஷியன்", நாய். தமிழில் அதற்குப் பெயர் குதிரை. எங்கள் பக்கத்து வேட்டைத் துவக்கிலும் குதிரைதான். விசைக்கு இவர்கள் சொல்லும் பெயர் அதைவிட மோசம், "தேத்தான்த்". அதற்கு ஆறுதல், ஓய்வு என்றும் பொருள். மெட்ரோவில் எண்ணெய்க் குளியல் விளம்பரத்தில் அந்தச் சொல்லைக் கண்டு நானே ஒருநாள் திடுக்கிட்டிருக்கிறேன்.

அதனால் லோஜினி எழுதும் ஒவ்வொரு அறிக்கையும் அனுப்பமுதல் தாரணியின் போனுக்கு வரும். அவள் திருத்தி அனுப்புவாள். முதல் ஒரு வருடம் சந்தோசமாகச் செய்தாள். இரண்டாம் வருடம் "மமோன், இதே பிழையை எத்தினை தரம்?" என்று அம்மாவிடம் சலித்தாள். நாலாம் வருடம் பதில் வரவே அரைநாள் ஆகும். அவளையும் குறை சொல்ல ஏலாது, அவளுக்குப் பரீட்சை, சிநேகிதர்கள், தன் வாழ்க்கை. தமிழ்ப் பள்ளியைப் பன்னிரண்டு வயதில் விட்டவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அம்மா என்ன வேலை என்று சிநேகிதர்கள் கேட்டால், "இரும்பு வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அதுகூட எனக்குக் கொஞ்சம் நொந்தது, ஆனால் நான் கேட்கவில்லை.

5

போன மாரியில்தான் அந்த நாற்பது ரிவோல்வரும் வந்தன. காசு வண்டிக் காவலர்களுக்கு, புதியவை. இறக்குமதி செய்யும் கொம்பனிதான் ஜினெத்தின் பெரிய வாடிக்கை, பட்டறையின் அரைவாசி வேலை அவர்களுடையது. லோஜினி பார்த்துக் கையெழுத்து வைத்தால் அடுத்த திங்கள் அவை காவலர்களின் இடுப்புக்குப் போய்விடும்.

நாற்பதில் ஒன்பதில் அவள் குறை கண்டாள். குதிரையை ஏற்றி நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல், பெருவிரலால் குதிரையை மெதுவாகத் தள்ளினால் அது விழுந்துவிடுகிறது. ஏற்றிய குதிரையைப் பிடித்து நிறுத்தும் வெட்டு ஆழம் குறைந்துபோயிருக்கிறது. துவக்குக்குள் ரவை இருக்கும்போது அப்படி விழுந்தால், யாரும் சுடாமலே சுட்டதாகிவிடும்.

அறிக்கை எழுதினாள். வழக்கம்போலத் தாரணிக்கு அனுப்பினாள். தாரணி "பா மந்த்நோன், மமோன்" என்று பதில் போட்டாள். இப்ப ஏலாது அம்மா. ஜினெத் அவசரப்படுத்தவே, லோஜினி தான் எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டாள். நாய் என்று எழுதவேண்டிய எல்லா இடத்திலும் "ஷெவால்" என்று எழுதியிருந்தாள். ஷெவால் என்றால் அசல் குதிரை. "குதிரை சிறு தள்ளலுக்கே விழுகிறது. குதிரையை நம்பமுடியாது. ஒன்பது குதிரையையும் மாற்றவேண்டும்."

கொம்பனிக்காரர் ஜினெத்துக்குப் போன் எடுத்து வயிறு குலுங்கச் சிரித்தாராம். தங்கள் பொருளில் குதிரை எதுவும் பூட்டப்படவில்லை என்றாராம். துவக்கின் உறுப்புக்குப் பெயர் தெரியாதவருக்கு அதன் குறை எப்படித் தெரியும் என்றும் கேட்டாராம். காவலர்கள் குதிரையை முன்கூட்டி ஏற்றுவதே இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை, மனது கேட்காவிட்டால் அந்த வெட்டில் இரண்டு இழுப்பு அரத்தால் இழுத்துவிட்டுக் கையெழுத்தை வைக்கச் சொல்லுங்கள் என்று முடித்தாராம். இல்லாவிட்டால் நாற்பதையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகவும், இனி வேலையும் அங்கேதான் போகும் என்றும் சொல்லிவைத்தார்.

ஜினெத் லோஜினியிடம் ஒளிக்காமல் சொன்னா. கையெழுத்து உன்னுடையது, நான் உன்னை நெருக்கமாட்டேன். ஆனால் அந்த வேலை போனால் இரண்டாவது மேசையை என்னால் வைத்திருக்க ஏலாது. இரண்டாவது மேசை என்றால் லோஜினி.

அன்று வீட்டில் நான்தான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக்கூடாது.

"லோஜி, அவன் சொல்லுற மாதிரி அரத்தாலை இழுத்துப்போட்டு வையுமன் கையெழுத்தை. உம்மடை துவக்கே அது? நாற்பத்தேழு வயசிலை ஆர் உமக்கு வேலை தரப்போறாங்கள்?"

"அந்த இரும்புக்கு மேல்தோல் மட்டும்தான் வைரம் மாதிரிக் கெட்டி. அரத்தாலை இழுத்தா அது போயிடும். இண்டைக்குப் பிடிக்கும், ஆறு மாசத்தாலை தேஞ்சு திரும்ப விழும். பேந்து ஆரும் பாக்கமாட்டினம்."

"விழுந்தாலும் உம்மிலை ஆர் பிழை சொல்லுறது? துவக்கு தானா வெடிச்சது எண்டு போகும்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. லோஜினியின் அண்ணை, சிவம் அண்ணை, இன்றும் கொக்குவிலில் சைக்கிளில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஏறுவார். சண்டைக் காலத்தில் ஆமிச் சென்றியில் சோதனைக்கு வரிசையில் நின்றவர். ட்ரக்கிலிருந்து குதித்த ஆமிக்காரனின் துவக்கு வெடித்துத் தொடையில் பட்டது. வேணுமென்று சுடவில்லை, அது உண்மைதான், அந்தப் பெடியனும் பயந்து அழுதானாம். விசாரணையில் ஒரு வரி எழுதி முடித்தார்கள்: துவக்கு தானாக வெடித்தது. அந்த ஒரு வரியோடு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், அண்ணை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

லோஜினி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"துவக்கு தானா வெடிக்காதப்பா" என்றாள். "அது சரி எண்டு எங்கையோ ஒராள் கையெழுத்து வைச்சிருக்கிறான். அந்த ஆள் நானா இருக்கமாட்டன்."

6

கொம்பனிக்காரர் நேரில் வருவதாக முடிவாயிற்று. அன்று காலை லோஜினி தன் வேலைக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இல்லாமல் அவளுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் புகைதான். சந்தையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோனேன். லைசென்ஸ் இல்லாதவர் உள்ளே போகமுடியாது. முன்னறையில் தடித்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் லோஜினி, ஜினெத், கறுப்புக் கோட்டுப் போட்ட அந்த மனிதர். நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டை உயர்த்தி ஆட்டினேன். லோஜினி கண்டாள். இருங்கோ என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பார்த்தது மட்டும் நான். கதை எல்லாம் பிறகு காரில் கேட்டது.

அந்த ஒன்பதையும் லோஜினியே கெடுத்திருக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். முத்திரை உடைக்காத வேறு பத்து ரிவோல்வரை அவரே கொண்டுவந்திருந்தார். இதில் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்றிருக்கிறார். ஜினெத் ஒவ்வொன்றையும் திறந்து வெறுமை என்று காட்டி மேசையில் வரிசையாக வைத்தா. லோஜினிக்கோ கண் தெரியாது. என் சட்டைப்பையில் இருக்கிறது அவளுடைய கண். நான் சுவரில் தட்டினேன், ஒருவரும் திரும்பவில்லை.

அப்போது லோஜினி ஒரு காரியம் செய்தாள். கதிரையைத் திருப்பிப் போட்டு, மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "நீங்களே குதிரையை ஏற்றுங்கள். மெதுவாக. நான் கேட்கிறேன்" என்றாளாம். அப்போதும் ஷெவால் என்றுதான் சொன்னாளாம், வாய் பழகிவிட்டது.

இப்போது அவள் முகம் நேரே என்னைப் பார்த்தபடி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மனிதர் ஒன்றை எடுத்து ஏற்றினார். அவள் தலையசைத்தாள். இரண்டாவது, தலையசைத்தாள். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதுக்கு அவள் ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு மூன்று தலையசைப்பு, ஒன்பதாவதுக்குத் திரும்ப விரல், பத்தாவதுக்குத் தலையசைப்பு.

அவர் ஐந்தாவதை எடுத்து ஏற்றி, தன் பெருவிரலால் தள்ளினார். விழுந்தது. ஒன்பதாவது, விழுந்தது. மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். முகம் சிவக்கச் சிவக்கத் தள்ளினார். ஒன்றுகூட அசையவில்லை. ஜினெத் மேசையில் ஓங்கி அடித்தா, அது எனக்கே கேட்டது.

நான் சொல்லுவதை நம்புங்கள், என் வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய கையில் துவக்கைக் கண்டு நடுங்கியிருக்கிறேன். அன்றுதான், துவக்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி இருந்த ஒருத்தியைப் பார்த்து, பயமே இல்லாமல் நின்றேன். அந்த ஒருத்தி எனக்குச் சோறு போடுகிறவள் என்ற நினைப்பில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாருமில்லாததால் துடைக்கவும் இல்லை.

நாற்பதையும் கொம்பனி திருப்பி எடுத்தது, ஆனால் வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. உற்பத்தி செய்தவர்கள் புதிய குதிரைகள் அனுப்பினார்கள். அதனோடு வந்த கடிதத்தில் லோஜினியின் அறிக்கையை அப்படியே இணைத்திருந்தார்கள், ஒரு சொல்லும் திருத்தாமல். இப்போது அந்தப் பட்டறையில் நாய் கிடையாது. ஜினெத் உட்பட எல்லாரும் ஷெவால் என்றுதான் சொல்கிறார்களாம். பட்டறைக்குப் புதிதாக வரும் வாடிக்கைக்காரர்கள் முழிக்கிறார்களாம்.

அன்று பின்னேரம் தாரணிக்கு இதைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப, நான் திருத்தியிருந்தா அவர் சிரிச்சிருக்க மாட்டார். எல்லாம் என்னாலை."

"நீ என்ன செய்தனி?" என்றாள் லோஜினி. "என்ரை மண்டைக்குள்ளை குதிரைதான் நிண்டது, அதைத்தான் எழுதினன். போய்ச் சாப்பிடு."

தாரணி சாப்பிடப் போனாள். ஆனால் அதன்பிறகு அறிக்கைகளுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வருகிறது. அவளுடைய சிநேகிதர்களைக் கேட்டேன், அம்மாவின் வேலையை இப்போது சரியான பெயரில்தான் சொல்லுகிறாளாம்.

7

நாலரைக்கு லோஜினி வந்தாள். அவள் கதவைத் திறக்கும்போதே பின்னால் தாரணியும் ஓடிவந்தாள். கோட்டைக் கழற்றவிடாமல் அம்மாவை மேசைக்கு இழுத்துவந்து, பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

குதிரைத் தலை. அதன் கீழே வெள்ளைக் கிரீமில் தமிழ் எழுத்துகள். பிரெஞ்சுக்காரன் ஒருவன் படம் பார்த்து வரைந்தது போல வளைந்து நெளிந்து நின்றன. உண்மையிலேயே அப்படித்தானாம். தாரணி ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, கேக்கடைக்காரன் பார்த்துப் பார்த்து வரைந்தானாம்.

"அம்மாவின் குதிறை."

நான் வாசித்தேன். இன்னொரு தரம் வாசித்தேன். சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனவன் நான். என் குணம் உங்களுக்குத் தெரியுமே, கை தானாகவே கத்தியை எடுத்துவிட்டது. ஒரு சுரண்டு சுரண்டினால் அந்த ற, ர ஆகிவிடும்.

"போனைப் பாக்காமல் எழுதினனான்" என்றாள் தாரணி, தமிழில். "கூகிளும் பாக்கேல்லை. நானா யோசிச்சு எழுதினது." பிறகு என் கையில் கத்தியைக் கண்டுவிட்டாள். குரல் இறங்கிவிட்டது. "பிழையே அம்மா?"

லோஜினி கைப்பையைத் திறந்து வேலைக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். குனிந்தாள். தலைமயிர் அளவு பிசிறைத் தேடிக் கண்டுபிடிக்கிற கண். நாற்பதில் ஒன்பதை விடாத கண். அ-வில் தொடங்கி எழுத்து எழுத்தாகப் போனாள். குதிறையில் வந்து நின்றாள். நின்றாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நிமிர்ந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி மேசையில் வைத்தாள். "நீங்கள் அதிலை கை வைக்காதேங்கோ" என்றாள். பிறகு என் மற்றக் கையிலிருந்த பேனாவை வாங்கினாள், இவ்வளவும் எழுதிய இந்தப் பேனாவைத்தான். பெட்டி மூடியின் ஓரத்தில், அறிக்கைகளில் வைப்பது போலவே, கொம்பெல்லாம் போட்டு "லோஜினி" என்று கையெழுத்து வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு பிள்ளை" என்றாள். "வெட்டு."